கிளி கடித்தால் சாம்பிராணி போடாதீர்கள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இப்போது வீட்டுக்கு வீடு கான்யூர் என்ற வெளிநாட்டுச் சின்னக் கிளி. வேலந்தாவளம், கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சியிலிருந்தும் என்னிடம் கொண்டுவருகிறார்கள். பெரும்பாலும் ஒரே புகார்தான்: "டாக்டருங்க, கைல வெச்சு ஊட்டி வளர்த்துனோமுங்க. இப்பக் கிட்டப் போனாலே கடிக்குதுங்க. ஊசி மருந்து வேண்டாம், இயற்கையா ஏதாச்சும் சொல்லுங்க."

சொல்கிறேன். ஆனால் அதற்குள் வீட்டில் ஏதாவது செய்து பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். சாயங்காலம் சாம்பிராணியோ குந்திரிக்கமோ போடும்போது, மனசு அமைதியாகட்டும் என்று கூண்டுக்கும் புகை காட்டுவது ஒரு வழக்கம். லாவெண்டர் எண்ணெயை அறையில் ஆவியாக விடுபவர்களும் உண்டு. பறவைக்கு நுரையீரலோடு காற்றுப்பைகளும் இருப்பதால், மூச்சுக்காற்றில் உள்ளதை நம்மைவிட வேகமாக உடம்பு உறிஞ்சிக்கொள்ளும், புகையையும்தான். அப்படிப் புகை பிடித்த கான்யூர் ஒன்று வந்தது. வாய் திறந்திருந்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. "இப்பக் கடிக்கறதில்லைங்க" என்றார் வீட்டுக்காரர். கடிக்கத் தெம்பு இருந்தால்தானே!

மனசு அமைதிக்கு அமுக்கரா (அஸ்வகந்தா) பொடி கொடுக்கலாமா என்பார்கள். சன் கான்யூரின் எடையே சுமார் 100 கிராம். மனிதருக்கான மருந்தில் கிள்ளிக் கொடுப்பது வெறும் ஊகம்.

கையில் வளர்ந்த கிளி ஒன்றிரண்டு வயதில் பருவத்துக்கு வரும். அப்போது கூண்டில் தொங்கும் மண்சட்டியோ, சோபா இடுக்கோ அதற்குக் கூடு. அதைக் காக்கத்தான் கடிக்கிறது. முதலில் சட்டியை எடுத்துவிடுங்கள். முதுகைத் தடவாதீர்கள், இணை சேர அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். தலையில் மட்டும் சொறிந்துவிடலாம்.

அடுத்தது தூக்கம். இதைத்தான் யாரும் நம்புவதில்லை. டிவி ஓடும் ஹாலில் ராத்திரி பதினொரு மணிவரை விழித்திருக்கும் கிளி சிடுசிடுக்காமல் என்ன செய்யும்? அதற்கு 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். ஏழு மணிக்கே கூண்டை வேறு அறைக்கு மாற்றுங்கள். பகல் நீண்டால் பருவ வேகமும் கூடும், ஆகவே இது இரண்டுக்கும் மருந்து.

அப்புறம் வாய்க்கு வேலை. கிழித்துப் போட தென்னங்கீற்று, கடிக்கப் பாக்கு மட்டை, உருவித் தின்ன முருங்கைக்கீரைக் கொத்து. போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சை மருந்து) அடித்த தோப்பு மட்டை மட்டும் வேண்டாம். பட்டர் ஃப்ரூட் கிளிக்கு விஷம், ஒரு துண்டும் கூடாது.

கடிக்கும் முன் கிளி சொல்லிவிட்டுத்தான் கடிக்கும். கண்மணி சட்சட்டென்று சுருங்கி விரியும், பிடரி இறகு சிலிர்க்கும், வால் விசிறிபோல் விரியும். அப்போதே கையை எடுத்துவிடுங்கள். கத்தினால் அதற்கு அது விளையாட்டாகிவிடும்.

சிலர் வளர்க்கும் இக்குவானா என்ற பெரிய பல்லியின் விஷயம் வேறு. வளர்ந்த ஆண் இனப்பெருக்கக் காலத்தில் முரடாகும், அது கழிந்தால் அடங்கும். தாடை வீங்கி, தொட்டாலே கடித்தால் கால்சியம் குறைவால் வரும் எலும்பு வலியாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

கேட்காமலே ஒன்று: நம்மூர்ப் பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வைப்பது 1972 வன உயிரினச் சட்டப்படி குற்றம்.

சாதுவாக இருந்த கிளி திடீரென்று கடித்தால், கூண்டடியில் விரித்த அன்றைய பேப்பரை எச்சத்தோடு எடுத்து வாருங்கள். கடிக்கும் வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. என் மேஜையில் எல்லாக் கிளியும் சாதுதான்.