பருப்பு வேகும் கணக்கு

ஊட்டியில் குடியேறிய வாசகி ஒருவர், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் மசிய மறுப்பதாகவும், குக்கரில் சில விசில்களிலேயே குழைந்துவிடுவதாகவும் எழுதிக் காரணம் கேட்டிருந்தார்.

சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே நீர் ஏறத்தாழ 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. அதன்பின் அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் நீர் ஆவியாகுமே தவிரச் சூடு ஏறாது. குக்கர் அழுத்தத்தைக் கூட்டி, கொதிநிலையை 115 டிகிரிக்கு உயர்த்துகிறது. பருப்பின் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டின் சிதைவதே வேகுதல். அது ஒரு வேதிவினை.

வியப்பு இனிமேல்தான். இந்தச் சூட்டைத் தனிச்சுழியிலிருந்து எண்ணும் கெல்வின் அளவில் பார்த்தால் 366 என்பது 388 ஆகிறது; ஆறு சதவீத உயர்வு. மூலக்கூறுகளின் சராசரி வேகம் கூடுவது மூன்று சதவீதமே. 'சூடானால் மூலக்கூறுகள் விரைந்தோடி அதிகம் மோதும்' என்று நாம் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய விடை, வேகும் நேரம் பாதிக்கும் கீழே போவதை விளக்காது. அந்த விடைக்கு இன்றும் முழு மதிப்பெண் கிடைப்பது எனக்கு வருத்தமே.

கரும்புச் சர்க்கரை அமிலத்தில் பிளவுறும் வேகத்தை ஆராய்ந்த ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் அர்ரீனியஸ், 1889இல் இதற்கு விடை கண்டார். மோதும் மூலக்கூறுகள் எல்லாம் வினைபுரிவதில்லை. கிளர்வு ஆற்றல் என்னும் மேட்டைத் தாண்டும் அளவுக்கு ஆற்றல் பெற்றவை மட்டுமே வினைபுரிகின்றன. அந்த மேடு மோலுக்கு 50 கிலோஜூல் என்று கொண்டால், 27 டிகிரியில் சுமார் 51 கோடி மோதல்களில் ஒன்றுதான் அதைத் தாண்டும். 37 டிகிரியில் அது 27 கோடிக்கு ஒன்றாகிறது. கூட்டத்தின் சராசரி ஏறக்குறைய அப்படியே இருக்க, கடைக்கோடியில் நிற்கும் மிகச் சில வேகக்காரர்களின் எண்ணிக்கை மட்டும் இருமடங்காகிவிடுகிறது. வினையின் வேகத்தை முடிவுசெய்பவை அந்தச் சிலவே. மேடு உயர உயர இந்தப் பெருக்கமும் கூடும் என்பதால், பத்து டிகிரிக்கு இருமடங்கு என்ற வாய்பாட்டை எல்லா வினைக்கும் பொருத்தக் கூடாது.

முழுப் பயறைவிட உடைத்த பருப்பு விரைவாக வேகுவது பரப்பு கூடுவதாலும் தோல் இல்லாததாலும்தான். கொண்டைக்கடலையில் போடும் சிட்டிகை சமையல் சோடாவின் வழியோ வேறு: அது சூட்டைக் கூட்டுவதில்லை, தன் காரத்தன்மையால் பெக்டின் சிதைவதற்கு மேடு தாழ்வான இன்னொரு பாதையைத் திறந்துவிடுகிறது. ஆனால் அதே காரத்தன்மை கடலையிலுள்ள தயமின் என்னும் பி1 வைட்டமினையும் விரைந்து சிதைக்கும் என்பதால், ஊட்டி வாசகிக்கு நான் குக்கரையே சொல்வேன்.