டீகம்ப்ரஷன்: தணிவா, தணிப்பா?

கடலடி மூழ்கல், விமானம், அறுவை மருத்துவம், நிலவியல், மோட்டார், கணினி என்று பல துறைகளில் புழங்கும் சொல் டீகம்ப்ரஷன். எங்கே வந்தாலும் ‘அழுத்த நீக்கம்’ என்று எழுதிவிடுகிறோம். பாதி இடங்களில் அது பொருந்துவதில்லை. ஓர் இடத்தில் உயிருக்கே கேடான பொருளைத் தந்துவிடும்.

மூலம் இலத்தீன். பிரெமெரே என்றால் அழுத்துதல். கோம் என்ற முன்னொட்டு ‘ஒன்றுசேர’ என்ற பொருள் தரும். டீ என்பது செய்ததைத் திருப்புவது. ஒன்றுசேர அழுத்தியதை விடுவிப்பதே சொல்லின் உடல். பிரஷர் குக்கரும் அச்சகத்தைக் குறிக்கும் பிரஸ்ஸும் இதே வேரில் முளைத்தவை. ஆனால் அழுத்தம் தானாக விட்டதா, யாரேனும் விடுவித்தார்களா என்பதை அந்தச் சொல் காட்டாது. தமிழ் வினை அதைக் காட்டியே தீரும். தணிதல் வேறு, தணித்தல் வேறு. தளர்தல் வேறு, தளர்த்தல் வேறு. ஆகவே தமிழாக்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது தன்வினையா பிறவினையா என்பதுதான்.

மூழ்குபவர்களிடமிருந்து தொடங்குவோம். கடலில் ஏறத்தாழ பத்து மீட்டர் இறங்கும்தோறும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அந்த ஆழத்தில் அழுத்தமேற்றிய காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. விரைந்து மேலே வந்தால், மூடி திறந்த சோடா பாட்டிலைப் போல அந்த வாயு உடலுக்குள்ளேயே குமிழ்விடும். மூட்டுகளில் தாங்க முடியாத வலி வரும். தண்டுவடம் தாக்கப்பட்டால் கால்கள் செயலற்றுப் போகும்.

இந்த நோய் முதலில் பெருமளவில் தாக்கியது பாலம் கட்டியவர்களைத்தான். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு அடித்தளம் போட, ஆற்றுப்படுகையில் பிரம்மாண்டமான பெட்டிகளை இறக்கி, நீர் புகாதபடி அழுத்தக் காற்றை நிரப்பி, அதற்குள் ஆட்கள் தோண்டினார்கள். வெளியே வந்தவர்கள் வலியில் குனிந்து சுருண்டார்கள். 1872-ல் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே இந்நோயால் முடங்கினார். 1883-ல் பாலம் திறக்கும்வரை அவருடைய கட்டளைகளைக் களத்துக்குக் கொண்டுசென்றவர் மனைவி எமிலி. நைட்ரஜன் குமிழிகளே காரணம் என்று பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர் 1878-ல் விளக்கினார். 1908-ல் ஜான் ஸ்காட் ஹால்டேனும் உடனாய்வாளர்களும், ஆடுகளை வைத்துச் செய்த சோதனைகளின் அடிப்படையில், எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்று நின்று ஏற வேண்டும் என்று அட்டவணை வகுத்தார்கள்.

இந்த நின்று ஏறும் முறையை ‘அழுத்த நீக்கம்’ என்பது தவறு. ஒரேயடியாக நீக்குவதுதானே ஆளைக் கொல்கிறது! ‘அழுத்தத் தணிப்பு’ என்பதே என் தேர்வு. சூடு தணிகிறது, கோபம் தணிகிறது என்கிறோம். மெல்ல மெல்ல என்ற பொருள் அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. நோயை ‘அழுத்தக் குறைவு நோய்’ என்று எழுதினால் வாசகர் இரத்த அழுத்தத்தை நினைத்துக்கொள்வார். ‘அழுத்தத் தணிவு நோய்’ அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கும்.

மன்னார் வளைகுடாவில் நெடுங்காலமாக முத்துக்குளித்தவர்கள் மூச்சடக்கி இறங்கியவர்கள். ஒரு நெஞ்சளவு காற்றில் உடலுக்குள் போகும் நைட்ரஜன் சொற்பம். நீருக்கடியில் குழாய் வழியாகவோ உருளையிலிருந்தோ சுவாசிப்பவருக்குத்தான் இந்த ஆபத்து பெரிது. அதனால்தான் இந்த விளக்கம் இன்று நம் கரைகளுக்கும் தேவை, அதுவும் தெளிந்த தமிழில். இலங்கைத் தமிழில் அழுத்தத்துக்கு ‘அமுக்கம்’ என்பதே வழக்கு. தாழமுக்கம் என்று வானிலைச் செய்தியில் கேட்கிறோமே, அதேதான். அங்கே ‘அமுக்கத் தணிப்பு’ என்றால் இயல்பாகப் பொருந்தும்.

மூழ்குபவர்களின் சொல்லை ராணுவமும் எடுத்துக்கொண்டது. ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய பிரிட்டன், கனடா வீரர்களை நேராக வீட்டுக்கு அனுப்பாமல் போரின் மன இறுக்கம் மெல்லத் தணிய, சைப்ரஸ் தீவில் சிறிது காலம் தங்கவைத்தார்கள். இங்கேயும் ‘தணிப்பு’ அப்படியே பொருந்துகிறது. ‘இளைப்பாறல்’ என்றால் களைப்புத் தீர்வது மட்டுமே தெரியும்.

விமானத்தில் கதை வேறு. 1988 ஏப்ரல் 28 அன்று, 24,000 அடி உயரத்தில் அலோஹா நிறுவன விமானம் ஒன்றின் முன்பகுதிக் கூரை பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். 1971 ஜூனில் சோயூஸ் 11 கலம் பூமிக்குத் திரும்பும்போது ஒரு வால்வு திறந்துகொள்ள, உள்ளிருந்த காற்று வெளியேறி விண்வெளி வீரர்கள் மூவரும் இறந்தார்கள். யாரும் எதையும் தணிக்கவில்லை, நீக்கவுமில்லை. இவை ‘அழுத்த இழப்பு’.

புவியின் ஆழத்தில் நடப்பதும் தன்வினைதான். புவியின் மேலோட்டுக்குக் கீழுள்ள அடுக்கான மூடகத்தின் வெப்பமான பாறை மேலெழும்போது அதன்மீதுள்ள அழுத்தம் தணிகிறது. வெப்பம் கூடாமலேயே பாறை உருகத் தொடங்குகிறது. ‘அழுத்தத் தணிவு உருகல்’ என்றால் போதும்.

‘நீக்கம்’ தகுதியோடு நிற்குமிடம் அறுவை மருத்துவம். மணிக்கட்டில் அழுந்திய நரம்புக்காகத் தசைநாரை அறுப்பதும், வீங்கிய மூளைக்கு இடம்கொடுக்க மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுப்பதும் அழுத்த நீக்கமே.

திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட்டை உதைத்துக் கிளப்பியவர்களுக்கு, கைப்பிடியில் இருந்த சிறு நெம்புகோல் நினைவிருக்கும். அது புகைபோக்கு வால்வைச் சற்றே தூக்கி, உருளைக்குள் அடைபட்ட காற்றை வெளியேவிடும்; பிஸ்டன் எளிதாக நகரும். கிணற்றடி ஆயில் இன்ஜினைக் கைப்பிடி போட்டுச் சுற்றும்போதும் இதே உபாயந்தான். இதற்கு ‘அழுத்த விடுப்பு’ என்று பெயர் சூட்டலாம்.

கணினியில் அழுத்தமே கிடையாது. சுருக்கிய கோப்பைப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறோம், ‘விரித்தல்’ போதும். ‘மீட்டல்’ என்று எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜிப் கோப்பை விரித்தால் ஒவ்வோர் எழுத்தும் அப்படியே திரும்பும்; அங்கே அது மீட்டலும்தான். ஜேபெக் படத்தைச் சுருக்கும்போது கழித்த நுணுக்கங்கள் விரித்தாலும் திரும்புவதில்லை. அங்கே மீட்டல் என்பது பிழை.