அதே ‘டும் டும்’: ஒருவருக்குச் சொக்கல், இன்னொருவருக்குச் சலிப்பு

நிமிடத்துக்கு 128 தாள அடி என்ற வேகத்தில், ஹவுஸ் என்ற எலெக்ட்ரானிக் நடன இசைவகையின் இசைத்தடம் ஒன்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு அடி சேர்ந்தால் ஒரு சுற்று. 32 சுற்று முடிந்தால் சரியாக ஒரு நிமிடம். அந்த நிமிடம் முழுக்க கிக் டிரம் ‘டும், டும், டும், டும்’ என்று இம்மியும் பிசகாமல் விழுகிறது. பாதி வழியில் ஹை-ஹாட் என்ற தாளத்தட்டின் ஓசை சேர்ந்துகொள்கிறது. அவ்வளவுதான். குரலும் இல்லை, மெட்டும் இல்லை. சேர்ந்து கேட்கும் இரண்டு பேரில் ஒருவர், “பாட்டு எப்போதான் ஆரம்பிக்கும்?” என்று கேட்கிறார். மற்றவர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பாட்டு எப்போதோ ஆரம்பித்துவிட்டது.

எலெக்ட்ரானிக் நடன இசை பற்றிப் பேச்செடுத்தாலே இந்தப் பிளவு வந்துவிடும். பிடிக்காதவர்கள் “அரைத்த மாவையே அரைக்கிறார்கள்”, “கீறல் விழுந்த ரெக்கார்டு” என்பார்கள். பிடித்தவர்கள் “உங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை” என்பார்கள். இரண்டுமே அவசரத் தீர்ப்பு என்றுதான் நினைக்கிறேன். இருவர் காதிலும் விழுவது ஒரே ஒலி. அதில் இருவரும் உற்றுக் கவனிக்கும் அடுக்குதான் வேறு. இது எப்படி நடக்கிறது என்பதற்கு மூளை ஆய்வுகளில் நல்ல விளக்கங்கள் இருக்கின்றன.

முதலில், இந்த இசை ஏன் இப்படி உருவானது என்று பார்த்துவிடலாம். ஹவுஸ் 1980களின் சிகாகோவில் பிறந்தது, அதன் உறவான டெக்னோ அதே காலத்து டெட்ராய்டில். இரண்டுக்கும் முதுகெலும்பு ரோலண்ட் நிறுவனத்தின் டிரம் மெஷின்கள்: 1980இல் வந்த டிஆர்-808, 1983இல் வந்த டிஆர்-909. ஒரு சுற்றை 16 கட்டங்களாகப் பிரித்து வரிசையாகப் பொத்தான்கள் வைத்திருப்பார்கள். எந்தக் கட்டத்தில் அடி விழ வேண்டுமோ அந்தப் பொத்தானை அழுத்தினால் போதும், நிறுத்தும் வரை மெஷின் அதையே சுற்றிச் சுற்றி வாசிக்கும். 128 அடி வேகத்தில் ஒரு கட்டத்துக்கு ஏறக்குறைய 117 மில்லிவினாடி. இன்னொரு காரணம் டிஜே. ஒரு இசைத்தடம் முடிவதற்குள் அடுத்ததை அதன் மேல் படியவைத்து, ஆட்டம் நிற்காமல் கொண்டுபோவது அவர் வேலை. அதற்குத் தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் தாளம் மட்டும் இருந்தால்தான் வசதி. தனியாகக் கேட்கும்போது காலியாகத் தெரிகிற அந்த முதல் நிமிடம், இன்னொரு இசைத்தடம் வந்து உட்காருவதற்காக விடப்பட்ட இடம்.

சரி, மூளைக்கு வருவோம். ‘கதவு’ என்ற சொல்லை முப்பது நாற்பது முறை விடாமல் சொல்லிப் பாருங்கள். கதவு, கதவு, கதவு... கொஞ்ச நேரத்தில் பொருள் கழன்றுபோய்விடும். வாயில் மிஞ்சுவது வெறும் ஓசை. ‘க’வுக்கும் ‘த’வுக்கும் நடுவில் நாக்கு எங்கே போகிறது, கடைசி ‘வு’வில் உதடு எப்படிக் குவிகிறது என்பதெல்லாம் அப்போதுதான் கவனத்துக்கு வரும். உளவியலாளர்கள் இதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். 1995இல் டயானா டாய்ச் என்ற ஆய்வாளர் இதன் இன்னொரு முகத்தைத் தற்செயலாகக் கண்டார். தன் பேச்சுப் பதிவிலிருந்த ஒரு சிறு துண்டு லூப்பில், அதாவது முடிந்ததும் மறுபடி தொடங்கும்படி, ஓடிக்கொண்டிருந்தது. சில சுற்றுகளுக்குப் பிறகு அது பேச்சாகவே இல்லை, யாரோ பாடுவதுபோல் கேட்டது. ஒலியில் ஒரு மாற்றமும் கிடையாது. திரும்ப வந்தது, அவ்வளவே. பொருளைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்த கவனம், பொருள் தீர்ந்ததும் சுருதியின் ஏற்ற இறக்கத்துக்குத் தாவிவிட்டது.

என்னைப் பொறுத்தவரை இந்த விவகாரத்தின் சாவி இங்கேதான் இருக்கிறது. திரும்ப வருவதை மூளை ‘இது தெரிந்ததுதான்’ என்று ஒதுக்கிவைக்கிறது. மாறாத ஒலிக்கு நரம்பு செல்கள் தரும் பதில் படிப்படியாகக் குறையும். இப்படி மிச்சமாகும் கவனம் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. சிலருக்கு அது இசையை விட்டே வெளியே போய்விடுகிறது. அதைத்தான் சலிப்பு என்கிறோம். சிலருக்கு அது இசைக்குள்ளேயே இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறது.

கீழே என்னதான் இருக்கிறது? நிறைய இருக்கிறது. டெக்னோ இசைத்தடம் ஒன்றின் இரண்டாம் நிமிடத்தையும் ஐந்தாம் நிமிடத்தையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டால், இரண்டும் ஒன்றல்ல என்பது யாருக்கும் தெரிந்துவிடும். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போன வழியைப் பலர் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஃபில்டர் என்று ஒரு கருவி உண்டு. ஒலியின் மேல் அலைவெண்களை வெட்டிவிட்டால், போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாகக் கேட்கும். அதே ஃபில்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தால் அந்த ஒலி வெளிச்சத்துக்கு வருவதுபோல் கூர்மையாகும். ரோலண்டின் டிபி-303 என்ற, பேஸ் எனும் தாழ்ந்த ஒலி தரும் சின்ன மெஷினில் இதைத் திருக அதற்கென்றே ஒரு குமிழ் இருந்தது. தனியாகப் பயிற்சி செய்யும் கிதார் கலைஞர்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று செய்த கருவி அது. சந்தையில் தோற்றுப்போய், பழைய பொருளாகக் குறைந்த விலைக்குச் சிகாகோ இளைஞர்களின் கையில் சிக்கியது. அவர்கள் ஒரே சிறு வரியை ஓடவிட்டுக் குமிழ்களை மட்டும் திருகிக்கொண்டிருந்தார்கள். ஸ்வரங்கள் அப்படியே இருக்க, அவற்றின் சாயல், அதாவது ஒலியின் நிறம், மட்டும் நொடிக்கு நொடி உருமாறியது. ஆசிட் ஹவுஸ் என்ற பிரிவே அப்படித்தான் உருவானது.

மெட்டிலும் பாட்டு வரிகளிலும் பழகிய காது, மாற்றத்தை ஸ்வரத்தில் தேடுகிறது. அங்கே மாற்றமே இல்லை. ஆகவே “ஒன்றும் நடக்கவில்லை” என்ற முடிவு அந்த அடுக்கைப் பொறுத்தவரை முற்றிலும் சரி. சாயலைத் தேடும் காதுக்கோ ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ நடந்துகொண்டே இருக்கிறது. ஸ்வரம் அசையாமல் நிற்பதால்தான் சாயலின் அசைவு அதற்குத் தெரிகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் மாறினால் சின்னது பெரியதில் அமுங்கிவிடும்.

இந்தச் சின்ன மாற்றங்களைப் பிடிப்பதில் நம் மூளை எவ்வளவு கெட்டி என்பதற்கு நல்ல சான்று உண்டு. ஒரே ஒலியைத் தொடர்ந்து கொடுத்து, நடுவில் எப்போதாவது சற்றே மாறுபட்ட ஒன்றை நுழைத்தால், கால் வினாடிக்குள் மூளையலையில் ஒரு தனி எதிர்வினை தெரிகிறது. பின்லாந்து உளவியலாளர் ரிஸ்டோ நாட்டனென் 1978இல் இதை விவரித்தார். கேட்பவர் புத்தகம் படித்துக்கொண்டு, ஒலியைக் கண்டுகொள்ளாமல் இருந்தாலும் இது நடக்கும். தொடர் எவ்வளவு சீராக இருக்கிறதோ அவ்வளவு தெளிவாகப் பிசிறு தென்படும்.

திரும்ப வருவதே குற்றம் என்று நினைப்பவர்கள் இசை ஆய்வாளர் எலிசபெத் மார்குலிஸ் செய்த சோதனையையும் அறிய வேண்டும். லூசியானோ பெரியோ, எலியட் கார்ட்டர் போன்ற நவீன இசையமைப்பாளர்கள் திரும்ப வருவதை வேண்டுமென்றே தவிர்த்து எழுதிய படைப்புகளை அவர் எடுத்துக்கொண்டார். கணினியில் சில துண்டுகளை வெட்டி, அவை மறுபடியும் வரும்படி ஒட்டினார். இசை நயம் பார்த்து ஒட்டவில்லை, வெறும் வெட்டி ஒட்டும் வேலை. கேட்டவர்களுக்கு மூலத்தைவிட ஒட்டுப்போட்ட வடிவம்தான் அதிகம் பிடித்தது. அதுதான் மனிதர் படைத்தது போலிருக்கிறது என்றும் சொன்னார்கள். அதாவது திரும்ப வருவது நம் எல்லோருக்கும் பிடிக்கும். பல்லவி திரும்ப வராத பாட்டை எத்தனை பேர் முணுமுணுக்கிறார்கள்? சண்டை எல்லாம் அளவைப் பற்றியதுதான்.

அந்த அளவைப் பற்றி 1970களில் டேனியல் பெர்லைன் என்ற உளவியலாளர் ஒரு வளைவு வரைந்தார், கவிழ்த்து வைத்த ‘ப’ மாதிரி. மிக எளிமையானது அலுப்பு, மிகச் சிக்கலானது குழப்பம், இன்பம் நடுவில். 2014இல் மரியா விட்டெக் குழு டிரம் தாளங்களை வைத்துச் சோதித்தபோதும் இதே வடிவம்தான் கிடைத்தது. அடி எதிர்பாராத இடத்தில் விழுவது மிகக் குறைவாக இருந்தாலும் ஆடத் தோன்றவில்லை, மிக அதிகமாக இருந்தாலும் தோன்றவில்லை. நடுத்தரமான தாளங்களுக்குத்தான் உடம்பு துடித்தது. இந்த வளைவின் உச்சி எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஒருவகை இசையைக் கேட்கக் கேட்க அதன் நுணுக்கங்கள் பிரிந்து தெரிய ஆரம்பிக்கும். அப்போது அதே ஒலித்தடம் அவருக்கு மட்டும் சிக்கல் கூடியதாக ஆகிவிடுகிறது. புதிதாகக் கேட்பவருக்கு வளைவின் அலுப்பு முனையில் கிடப்பது, பழகியவருக்கு உச்சியில் இருக்கலாம். பழகப் பழக உச்சியைத் தாண்டிச் சரிவதும் உண்டு. ரசிகர்களே சில இசைத்தடங்களைத் தாங்க முடியாமல் விலகுவதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லாத் தடங்களும் நல்ல தடங்கள் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உள்ளடுக்கிலும் ஒன்றும் நடக்காத சோம்பேறித்தனமான லூப்கள் ஏராளம். அங்கே சலிப்பவரின் காது சரியாகத்தான் வேலை செய்கிறது.

அடுத்து எதிர்பார்ப்பு. 2011இல் மான்ட்ரியாலில் வலோரி சலிம்பூர், ராபர்ட் ஜடோரே முதலிய மூளை ஆய்வாளர்கள், கேட்பவர்களிடம் அவரவருக்கு மயிர்க்கூச்செறிய வைக்கும் இசையைக் கொண்டுவரச் சொல்லி, அவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். இன்பத்தோடும் எதிர்பார்ப்போடும் தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் இரண்டு இடங்களில் சுரந்தது. உச்சகட்டத்தின்போது ஓரிடத்தில், அதற்குச் சில வினாடிகள் முன்பே, வரப்போகிறது என்று காத்திருக்கும்போது இன்னோரிடத்தில். நடன இசை இந்தக் காத்திருப்பை வெளிப்படையாகவே கையாள்கிறது. நான்கைந்து நிமிடம் விடாமல் விழுந்த கிக்கைத் திடீரென்று எடுத்துவிடுவார்கள். எட்டுச் சுற்று, பதினாறு சுற்று. தரை காணாமல்போன மாதிரி இருக்கும். கிக் திரும்பி விழும் கணத்தைத்தான் டிராப் என்கிறார்கள். ஆனால் எதிர்பார்ப்பு உருவாக வேண்டுமானால் இந்தக் கட்டமைப்பு ஏற்கெனவே பழகியிருக்க வேண்டும். எது வரப்போகிறது என்றே தெரியாதவருக்குக் காத்திருக்க எதுவும் இல்லை. நீண்ட நேரத் தாளம் கொடுத்த உறுதி இல்லாமல் அந்த டிராப்புக்கும் வலு இருக்காது. அதனால்தான் டிராப்பை மட்டும் முப்பது வினாடி வெட்டியெடுத்து ஒருவருக்குக் காட்டிப் பிடிக்கவைக்க முயல்வது பெரும்பாலும் பலிப்பதில்லை.

இதுவரை பேசியது காதை மட்டும். இந்த இசையின் பாதி உடம்பில் நடக்கிறது. ஆடாமல் அசையாமல் படுத்துக்கொண்டு தாளத்தைக் கேட்டாலும், மூளையில் அசைவைத் திட்டமிடும் பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. பேசல் கேங்லியா அவற்றில் முக்கியமானது. பிறந்து இரண்டு மூன்று நாளேயான குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போது தாளத்தில் முதல் அடியைத் தவறவிட்டால், அதன் மூளை அதைக் கண்டுகொள்வதை 2009இல் ஹங்கேரியில் பதிவு செய்தார்கள். நாம் இயல்பாக நடக்கும்போது வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி வைக்கிறோம். அதாவது நிமிடத்துக்கு 120. ஹவுஸ் இசையின் வேகம் 120 முதல் 130 வரை இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

நான் முதன்முதலில் டெக்னோ கேட்டது ஃபோனின் சின்ன ஸ்பீக்கரில். ‘டிக், டிக், டிக்’ என்று கேட்டது, மூன்றாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். பல மாதம் கழித்து அதே இசைத்தடத்தைப் பெரிய சப்-வூஃபர் வைத்த அறையில் கேட்க நேர்ந்தது. நான் கேட்காமல் விட்டது எவ்வளவு என்று அன்றுதான் புரிந்தது. கிக் டிரம்மின் உடல் 50, 60 ஹெர்ட்ஸில் இருக்கிறது. நகம் அளவு ஸ்பீக்கரால் அவ்வளவு காற்றைத் தள்ள முடியாது. அடியின் நுனி மட்டும் வெளியே வரும். எதைச் சுற்றி எல்லாம் கட்டப்பட்டிருக்கிறதோ அதை எடுத்துவிட்டு மீதியைக் கேட்டிருக்கிறேன்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இதை ஒரு நிஜக் கச்சேரியிலேயே சோதித்தார்கள். எலெக்ட்ரானிக் இசை நடந்துகொண்டிருக்கும்போது, 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரையிலான மிகத் தாழ்ந்த ஒலி தரும் ஸ்பீக்கர்களைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை போட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். ஆடியவர்களின் தலையில் அசைவை அளக்கும் பட்டை. அந்த ஸ்பீக்கர்கள் ஓடிய நேரங்களில் அசைவு ஏறக்குறைய 12 சதவீதம் கூடியது. 2022இல் வெளியான முடிவு இது. அவை எப்போது ஓடின, எப்போது நின்றன என்பதை மனிதர்களால் பிரித்தறிய முடியவில்லை என்பதையும் தனியாகச் சோதித்து உறுதி செய்தார்கள். காதுக்குத் தெரியாத ஒன்று உடம்பை ஆட்டியிருக்கிறது.

கூட்டமும் கணக்கில் வரும். பிரேசிலில் பள்ளி மாணவர்களை ஆடவைத்து நடத்திய ஒரு சோதனையில், எல்லோரும் ஒரே அசைவை ஒரே நேரத்தில் ஆடியபோது வலி தாங்கும் திறன் உயர்ந்தது, ஒருவருக்கொருவர் நெருக்கமாகவும் உணர்ந்தார்கள். அடுத்த அடி எப்போது விழும் என்று ஆயிரம் பேருக்கும் தெரிந்திருந்தால்தான் ஆயிரம் பேரும் ஒன்றாக ஆட முடியும்.

இதே பேஸ் சுவருக்கு அப்பால் இருப்பவருக்குச் சித்திரவதை ஆவதும் நியாயம்தான். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். மேல் அலைவெண்களைச் சுவர் நன்றாகத் தடுத்துவிடும், தாழ்ந்தவற்றை அந்த அளவுக்குத் தடுக்காது. ஆகவே அடுத்த அறைக்குச் சாயலும் ஃபில்டரும் ஹை-ஹாட்டும் எதுவும் போவதில்லை. உள்ளே ஒருவரைச் சொக்கவைத்த அத்தனையையும் சுவர் உறிஞ்சிக்கொண்டு, வெறும் ‘டும் டும்’மை மட்டும் அனுப்புகிறது. நிறுத்தும் பொத்தானும் அவர் கையில் இல்லை.

பிரிட்டனில் ரேவ் எனப்படும் திறந்தவெளி நடனக் கூட்டங்களை ஒடுக்க 1994இல் வந்த சட்டம் இந்தச் சுவருக்கு அப்பாலிருந்து எழுதியது போலவே இருக்கும். திரும்பத் திரும்ப வரும் அடிகளின் தொடரால் முழுவதுமாகவோ பெரும்பான்மையாகவோ அமைந்த ஒலிகளும் அதன்படி ‘இசை’ என்ற சொல்லில் அடங்கும். அதை எதிர்த்து ஆட்டெக்கர் என்ற இருவர் இசைக்குழுவினர் அதே ஆண்டு ஒரு ரெக்கார்டு வெளியிட்டார்கள். அதில் ஒரு இசைத்தடத்தை, எந்த இரண்டு சுற்றும் ஒன்றுபோல் இராதபடி உருவாக்கினார்கள். அதை வாசிக்கும் டிஜேக்கள், போலீஸ் வந்தால் இது திரும்ப வரும் இசை அல்ல என்று நிரூபிக்க, ஒரு வழக்கறிஞரையும் ஒரு இசையியலாளரையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று உறையில் அறிவுறுத்தினார்கள். அதைக் கேட்டுப் பாருங்கள். அடிகளின் இடம் மாறிக்கொண்டே இருப்பது சிலருக்கு முதல் நிமிடத்திலேயே பிடிபடும். வேறு சிலருக்கு, சுற்றுக்குச் சுற்று அத்தனை மாற்றம் இருந்தும், கடைசிவரை ஒரே சத்தமாகத்தான் கேட்கும்.