காத்மாண்டுவின் புகை ஏன் மேலே போவதில்லை?

"சுற்றிவர மலையும் காடும் இருந்தால் காற்று சுத்தமாகத்தானே இருக்கும்? பிறகு ஏன் காத்மாண்டுவில் ஆட்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்?" கிளிநொச்சியில் சாதாரண தரம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த மலைகள்தான் காரணத்தில் பாதி. மீதிப் பாதியை வன்னியிலேயே பார்க்கலாம்.

காலபோக அறுவடை முடிந்த கையோடு பரந்தன் பக்கம் யாராவது வைக்கலுக்கு நெருப்பு வைத்தால், பொழுதுபட்ட பிறகு அந்தப் புகையைக் கவனியுங்கள். கொஞ்ச உயரம் நேரே போகும். அப்புறம் மட்டப்பலகை வைத்து இழுத்தது போலப் பக்கவாட்டில் படுத்துவிடும். முனி உலாவுகிறது என்று அதைக் காட்டிப் பிள்ளைகளை வெருட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிடுவோம்.

சூடான காற்று மேலே போகும் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். சரி, எதுவரை போகும்? எனக்கு மிகவும் பிடித்த பௌதிகம் இங்கேதான் வருகிறது. மேலே போகப் போக அழுத்தம் குறைவதால், ஏறும் காற்று விரிகிறது. விரிவதென்றால் சுற்றியுள்ள காற்றைத் தள்ளியாக வேண்டும். தள்ளும் சக்தியைத் தன் வெப்பத்திலிருந்தே அது எடுக்கிறது. யாருக்கும் வெப்பத்தைக் கொடுக்காமல், விரிந்தே குளிர்ந்துபோகிறது! சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுகிறதே, அதற்கு நேர் எதிர். உலர்ந்த காற்று 100 மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் குளிரும். அவ்வளவும் குளிர்ந்த பிறகும், அந்த உயரத்தில் ஏற்கெனவே இருக்கும் காற்றைவிடச் சூடாக இருந்தால் இன்னும் ஏறும். இல்லையென்றால் கனத்து, வந்த வழியே இறங்கும்.

பகலில் நிலத்தை ஒட்டிய காற்று சூடு, மேலே குளிர். புகை தாராளமாக ஏறும். முகில் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு விட்டுவிடுகிறது. நிலத்தைத் தொட்டிருக்கும் காற்றும் கூடவே குளிர்கிறது. இப்போது கீழே குளிர், மேலே சூடு. இதுதான் வெப்பநிலை நேர்மாறல். ஏறும் புகை குளிர்ந்துகொண்டே போக, சுற்றியுள்ள காற்றின் சூடோ கூடிக்கொண்டே போகிறது. இரண்டும் சமமாகும் உயரத்தில் புகை நின்றுவிடும். மாடிக் கட்டட உச்சியில் ஒரு வெப்பமானி, முற்றத்தில் ஒன்று வைத்தால் எந்தப் பாடசாலையிலும் அளந்து பார்க்கலாம். ஆனால் வெப்பமானிகளை ஆய்வுகூட அலுமாரிக்குள் பூட்டிவைத்துவிட்டு, பரிசளிப்பு விழாவுக்குப் பந்தல் போடுகிறோம்.

வன்னி சமதரை, கடலும் கிட்ட. வெயில் ஏறியதும் நிலம் சூடாகி, காற்று எழும்பி எல்லாவற்றையும் கலைத்துவிடும். காத்மாண்டு இருப்பது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில், மலைகள் வளைத்த பள்ளத்தாக்கில். வடக்கே சிவபுரி, தெற்கே புல்சோக்கி, இரண்டுமே 2,700 மீற்றரைத் தாண்டியவை. குளிர்கால இரவில் அந்தச் சரிவுகளில் குளிர்ந்த காற்று, கனம் கூடி, கீழே வழிந்து நகரத்தின் மேல் தேங்குகிறது. பக்கவாட்டில் போகவும் வழி குறைவு.

அந்தப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஏரி. மஞ்சுஸ்ரீ என்ற போதிசத்துவர் தன் வாளால் சோபார் மலையிடுக்கை வெட்டி நீரை வடித்தார் என்று அங்குள்ள பௌத்தர்கள் சொல்வார்கள். வாள் கதை ஒருபுறம் இருக்கட்டும், ஏரி இருந்தது உண்மை. அது படியவிட்ட களிமண் இருக்கிறது. அந்தக் களிமண்ணைத்தான் இன்று செங்கற்சூளைகளில் சுடுகிறார்கள், அதுவும் மழையில்லாத குளிர்காலத்தில். வாகனப் புகையோடு சூளைப் புகையும் தேங்கிய குளிர்காற்றுக்குள் மாட்டிக்கொள்கிறது. 2020 மே மாத ஊரடங்கில் புகை குறைந்தபோது, அதே சோபாரிலிருந்து எவரெஸ்டைப் படம் எடுத்தார்கள்!

பிற்பகலில் மேற்கிலிருந்து வரும் காற்று பள்ளத்தாக்கைக் கொஞ்சம் கழுவிவிடும். ஆகவே குளிர்காலத்தில் அங்கே காற்று மிக மோசமாக இருக்கும் நேரங்களில் ஒன்று காலை வேளை. உடம்புக்கு நல்லதென்று ஆட்கள் ஓடப் புறப்படுவதும் அப்போதுதான்.