கொசு மருந்து, கணவாய் நரம்பு, தொட்டில் பிள்ளை

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “கொசு லிக்விட் பாட்டிலில் ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்று போட்டிருக்கிறது. அதே பாட்டிலை மெஷினில் மாட்டி, பிள்ளை தூங்கும் அறையில்தான் ராத்திரி முழுக்க எரிய விடுகிறோம். இதில் எதைத்தான் நம்புவது?”

நல்ல கேள்வி. பதில் சொல்ல ஒரு கணவாயின் துணை வேண்டும். அதற்கு முன் மருந்தைப் பார்த்துவிடலாம்.

லிக்விடில் பெரும்பாலும் இருப்பது டிரான்ஸ்ஃப்ளூத்ரின். கொசுவத்தியில் அலெத்ரின் மாதிரி ஏதாவது ஒன்று, எறும்புச் சாக்பீஸில் டெல்டாமெத்ரினோ சைபர்மெத்ரினோ இருக்கும். பெயர் எதுவானாலும் எல்லாம் பைரித்ராய்டு என்ற ஒரே குடும்பம். சாமந்திக்கு உறவான ஒரு வெள்ளைப் பூவில் இயற்கையாகவே உள்ள பூச்சிக்கொல்லியைப் பார்த்து ஆய்வகத்தில் செய்தவை இவை. முதலில் வந்த அலெத்ரின் 1949-ஐச் சேர்ந்தது.

சரி, கணவாய்க்கு வருவோம். பாம்பனிலும் மண்டபத்திலும் கூடை கூடையாக இறங்குகிறதே ஊசிக்கணவாய், அதன் உறவினத்தில்தான் விஞ்ஞானிகள் நரம்பைப் படித்தார்கள். ஆபத்து என்றால் கணவாய் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு பின்னால் பாயும். அந்தப் பாய்ச்சலுக்கென்றே அதன் உடம்பில் அரை மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்த ஒரு நரம்பிழை உண்டு. நம் நரம்பிழையைப் பார்க்க மைக்ரோஸ்கோப் வேண்டும். இதற்குள் மெல்லிய கம்பியையே நுழைத்துவிடலாம். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு இங்கிலாந்து விஞ்ஞானிகள் அப்படி நுழைத்து மின்சாரத்தை அளந்தார்கள். 1952-ல் கட்டுரைகள் வெளிவந்தன, 1963-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் விண்ணப்பத்தில் ‘சமூகப் பயன்’ என்று ஒரு கட்டம் போட்டு நிரப்பச் சொல்கிறார்கள். கணவாய் நரம்பை அளந்தவர்கள் அதில் என்ன எழுதியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அவர்கள் கண்டது இதுதான். நரம்புக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே குறைவு. நரம்பின் சவ்வில் சோடியம் உள்ளே வருவதற்கென்று கதவுகள் இருக்கின்றன. செய்தி வந்ததும் கதவு திறக்கிறது, சோடியம் பாய்கிறது, ஏறக்குறைய ஒரு மில்லி விநாடிக்குள் கதவு மூடிக்கொள்கிறது. திறப்பதைவிட மூடுவதில்தான் சூட்சுமம். மூடினால்தான் அந்தச் செய்தி முடியும், அடுத்ததற்கு நரம்பு தயாராகும்.

ஜப்பானில் பிறந்த தோஷியோ நராஹாஷி 1960களில் இதே கணவாய் நரம்பில் அலெத்ரினைப் போட்டுப் பார்த்தார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் துலக்கிய விஷயம் இது: பைரித்ராய்டு கொழுப்பில் கரையும், ஆகவே சவ்வுக்குள் சுலபமாகப் புகுந்து, திறந்த கதவின் இடுக்கில் செருகிய கட்டை போல உட்கார்ந்துகொள்ளும். கதவு மூடாது. ஒரு செய்தி போக வேண்டிய இடத்தில் பத்து, இருபது என்று தொடர்ந்து போகும். கொசு கீழே விழுந்து காலை உதறுவதும், கரப்பான் மல்லாந்து துடிப்பதும் இதனால்தான். தோட்டத்துக்கு இந்த மருந்தை அடித்துவிட்டு வருபவர்களுக்கு முகம் சுள்ளென்று எரிவதும் இதுவேதான். தோலுக்கடியில் இருக்கும் நரம்பு விடாமல் கத்துகிறது.

அப்படியானால் நாம் ஏன் மல்லாந்து விழுவதில்லை? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது: வெப்பம். நரம்பு குளிர்ந்திருந்தால் இந்த மருந்தின் பிடி இறுகும், சூடாக இருந்தால் தளரும். கொசுவுக்குச் சொந்தச் சூடு கிடையாது, அறைக்காற்று 28 டிகிரி என்றால் அதுவும் கிட்டத்தட்ட 28. நாம் 37. போதாததற்கு நம் சோடியம் கதவின் அமைப்பும் சற்று வேறு, மருந்து அதில் அவ்வளவாக ஒட்டாது. அடுத்தது உருவம். கொசுவின் மேல்தோலிலிருந்து நரம்புக்கு எட்டும் தூரம்தான். நம் உடம்பில் வழி நீளம், அந்த வழியில் ரத்தமும் கல்லீரலும் காத்திருக்கின்றன. கல்லீரலின் நொதிகள் பைரித்ராய்டை இரண்டு துண்டாக வெட்டிச் சிறுநீரில் அனுப்பிவிடும். இந்தப் பாதுகாப்புகள் எல்லா உயிருக்கும் கிடையாது. பூனையின் கல்லீரலுக்கு இந்த வேலை சரியாக வராது, இதே குடும்பத்துப் பெர்மெத்ரின் பட்டால் செத்தே போகலாம். இறாலும் நண்டும் பூச்சிகளின் இனத்தார். கடல்நீரின் சூடுதான் அவற்றின் சூடு. மிச்ச மருந்தை வாருகாலில் கொட்டுகிறவர்கள் இதை நினைத்துக்கொண்டால் நல்லது.

இப்போது தொட்டில் பிள்ளைக்கு வருவோம். 37 டிகிரி அதற்கும் உண்டு. ஆனால் உருவம் சிறியது. எடைக்கு எடை பார்த்தால் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறது, தோல் பரப்பும் அதிகம். வெட்டும் நொதிகளோ இன்னும் முழுதாக உருவாகவில்லை. பிறந்து சில நாளான எலிக்குஞ்சுகள் வளர்ந்த எலியைவிடப் பல மடங்கு குறைந்த டெல்டாமெத்ரினிலேயே சாவது இதனால்தான். தவழ ஆரம்பித்தால் தரையில் படிந்ததெல்லாம் கைக்கு வரும், கையிலிருந்து வாய்க்குப் போகும். நமக்குக் கணக்கில் வராத அளவு அதற்குக் கணக்கில் வரும்.

ஆக வாசகிக்கு என் பதில்: பாட்டிலில் போட்டிருப்பதை நம்புங்கள். கொசு வராமல் அறையை மூடி, பிள்ளை வெளியே இருக்கும்போது சாயங்காலம் கொஞ்ச நேரம் மெஷினைப் போடுங்கள். அப்புறம் அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து காற்றோட விட்டுப் பிள்ளையை வலைக்குள் படுக்க வையுங்கள். சேலைத் தொட்டிலுக்கு மேலேயும் வலை போடலாம். கொசுவத்தி இன்னும் மோசம். அது எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் ஓர் ஆய்வு சொன்னது. டெங்குக் கொசு கடிப்பதோ பகலில். நம் பக்கத்தில் தண்ணீர் வராத நாளுக்கென்று பிடித்து வைக்கிறோமே, அந்த டிரம்மில்தான் முட்டையிடும். மூடி வைப்பதோடு வாரம் ஒரு முறை உள்சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும், முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும்.

பிள்ளை லிக்விடைக் குடித்துவிட்டால் என்ன செய்வது? பல லிக்விட்களில் மருந்து கொஞ்சம்தான், மீதி மண்ணெண்ணெய் வகை எண்ணெய். அது வயிற்றுக்குப் போவதைவிட நுரையீரலுக்குள் வழுக்கிப் போவதுதான் பெரிய ஆபத்து. வாந்தி எடுக்க வைத்தால் அதற்கு இன்னொரு வாய்ப்பைக் கொடுக்கிறோம். உப்புத்தண்ணீர் கரைத்துக் கொடுக்கச் சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சின்ன உடம்புக்கு அந்த உப்பே விஷமாகலாம். வலிப்பு வந்தால் காத்துக் கருப்பு என்று கயிறு கட்ட ஓடுவதை மன்னிக்கவே முடியவில்லை. மேலே சொன்ன சோடியம் கதவு மந்திரத்துக்கு மூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டருக்கு லேபிளில் உள்ள பெயர் வேண்டும். பைரித்ராய்டுக்கு நேரடி மாற்று மருந்து கிடையாது, வலிப்பையும் மூச்சையும் கவனித்துக் காப்பாற்றுவார்கள். மிளகாய்த் தோட்டத்துக்கு வாங்கிய ஆர்கனோபாஸ்பேட் என்ற வேறு வகைப் பூச்சிமருந்து என்றால் உடனே அட்ரோபின் ஏற்ற வேண்டும். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி அடுப்படி மேடையில் வைத்த மருந்து என்றால், அது இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதிலேயே நேரம் போய்விடும்.