கீழே இருக்கிற இலக்கத்தில் கை வைக்காதீர்கள்

இந்தத் தவணை விடைத்தாள்களைத் திருத்தி முடிப்பதற்குள் பொறுமை போய்விட்டது. சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகள், கெட்டிக்காரர் என்று பேரெடுத்தவர்கள் கூட, ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து தண்ணீர் உண்டாகும் இரசாயனச் சமன்பாட்டில் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள். இரண்டு பக்கமும் அணுக்கள் சமமாக இருக்கவேண்டும், ஆனால் இடப்பக்கம் ஒட்சிசன் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. உடனே H₂O இல் O என்ற எழுத்துக்குக் கீழே ஒரு சின்ன 2 ஐச் செருகிவிட்டு, சமப்படுத்தியாச்சு என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள்.

பிள்ளைகளே, நீங்கள் எழுதியது தண்ணீரே இல்லை. அது ஐதரசன் பேரொட்சைட்டு. தலைமயிரை வெளிறச் செய்யப் பாவிக்கிற சாமான், செறிவானதைக் குடித்தால் தொண்டை வெந்துபோகும். கீழே இருக்கிற இலக்கம் ஒரு மூலக்கூறுக்குள் எத்தனை அணு என்பதைச் சொல்கிறது. அதை மாற்றினால் பொருளே மாறிவிடும். காபனோடு ஒரு ஒட்சிசன் சேர்ந்தால் ஆளைக் கொல்லும் வாயு, இரண்டு சேர்ந்தால் நாம் மூச்சில் வெளியே விடுவது. உங்களுக்கு மாற்ற உரிமை உள்ளது முன்னால் போடுகிற எண் மட்டும்தான், அது எத்தனை மூலக்கூறு என்பதற்கு. ஐதரசனுக்கு முன்னால் 2, தண்ணீருக்கு முன்னால் 2, அவ்வளவுதான் வேலை.

மகனீசியம் நாடாவை எரிக்கிற கேள்வியிலும் இதே கதை. மகனீசியத்தின் வலுவளவு, அதாவது ஒரு அணு மற்ற அணுக்களோடு சேரும் திறனைக் காட்டும் எண், 2, ஒட்சிசனுடையதும் 2, ஆகவே ஒட்சைட்டில் ஒன்றுக்கு ஒன்று. இதை வாயால் சரியாகச் சொல்கிற பிள்ளை, சமப்படுத்தும்போது ஒட்சிசன் இரண்டாக நிற்பதைக் கண்டு பதறி, கண்ட இடத்தில் 2 போடுகிறது. சமன்பாடுகளை நாற்பது, ஐம்பது என்று பாடமாக்கி வருவதால்தான் இந்தப் பதற்றம். ரியூசன் கொப்பியில் இல்லாத ஒன்று வந்தால் கை நடுங்கும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள், பாடமாக்கச் சொல்லி நெருக்காதீர்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்கிற கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதைக் காட்டிக் கேளுங்கள். கரைந்திருந்த கல்சியம் ஐதரசன்காபனேற்றுப் பிரிந்து கல்சியம் காபனேற்று படிகிறது, தண்ணீரும் காபனீரொட்சைட்டும் வெளிவருகின்றன. இதைப் பிள்ளை எழுதிப் பார்த்தால் எண் எதுவும் போடாமலே சமப்பட்டு நிற்கும். சில சமன்பாடுகளுக்கு அப்படித்தான், எதையாவது போட்டே ஆகவேண்டும் என்று இல்லை.

முதலில் சொற்களில் எழுதுங்கள். பிறகு வலுவளவைப் பார்த்துச் சூத்திரம். ஒட்சிசன், ஐதரசன், நைதரசன், குளோரீன் வாயுவாக நிற்கும்போது இரண்டிரண்டாக நிற்கும், இதை மறக்கவே கூடாது. சூத்திரங்கள் சரியென்று கண்டபின் கீழிலக்கங்களைத் தொடாமல் அணுக்களை எண்ணத் தொடங்குங்கள், உலோகம் முதலில், ஒட்சிசன் கடைசியில்.

இரும்பு ஒட்சிசனோடு சேர்ந்து, இரண்டு இரும்பும் மூன்று ஒட்சிசனும் கொண்ட ஒட்சைட்டைத் தருவதை இன்றைக்கே எழுதிப் பாருங்கள். முன்னெண்கள் 4, 3, 2 என்று வரவேண்டும். வராவிட்டால் எங்கேயோ கீழிலக்கத்தைத் தொட்டிருக்கிறீர்கள், முழுவதையும் அழித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.