ஆறாத கால் புண்ணும் ஸ்டெம் செல் ஊசியும்

வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அது முடிந்த வாரத்திலேயே உள்ளங்கால் கொப்புளத்தோடு ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். கத்திரி வெயிலில் கொதிக்கும் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தவர்கள். கால் சுட்டால் நாம் நிழலுக்கு ஓடுவோம். பத்துப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை உள்ளவர்கள் பலருக்கு, கால் நரம்பு மரத்துப்போய், சுடுவதே தெரியாது. வீட்டுத் தரையில் ஈரமாகத் தடம் விழுவதைப் பேரப்பிள்ளை பார்த்துச் சொன்ன பிறகுதான் காலைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

அப்படி வந்த ஒரு அம்மாவுக்கு நான்கு மாதம் ஆகியும் புண் மூடவில்லை. பீடி சுற்றும் குடும்பம். மகன் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். "இன்னா செலவானாலும் பரவால்ல சார், நகைய வெச்சிட்றோம். இந்த ஸ்டெம் செல் ஊசி போட்டா முப்பது நாள்ல ஆறிடும்னு போட்டுகீறாங்க. நம்ம வேலூர்லயே ஸ்டெம் செல் பண்றாங்களாமே?"

ஸ்டெம் செல் என்பது தானும் பெருகி, புதிய செல்களையும் உண்டாக்கித் தரும் மூலச் செல். வேலூரில் செய்வது உண்மைதான். சி.எம்.சி. மருத்துவமனையில் 1986லேயே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கிவிட்டது. பாகாயத்தில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. ஆனால் மஜ்ஜை மாற்று என்பது, ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்களைக் கொடுப்பது; தலசீமியா, ரத்தப் புற்று போன்ற ரத்த நோய்களுக்கானது. அது நிரூபணமானது என்பதால் கால் புண்ணுக்குப் போடும் ஊசியும் நிரூபணமாகிவிடாது.

தோலுக்கென்று ஸ்டெம் செல்கள் நம் உடம்பிலேயே இருக்கின்றன. மேல்தோலின் அடி அடுக்கிலும், முடி வேர் இருக்கும் குழியிலும். தொடையிலிருந்து சீவல் போல மெல்லிய தோலை எடுத்து வேறிடத்தில் ஒட்டுகிறோம் அல்லவா, எடுத்த இடம் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் தானாக மூடிக்கொள்ளும். ஒவ்வொரு முடிக்குழியிலிருந்தும் செல்கள் ஊர்ந்து வந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொள்வதால்தான் அது. உள்ளங்காலில் முடியே கிடையாது. ஆழமான புண் என்றால், பெரும்பாலும் விளிம்பிலிருந்துதான் தோல் நகர்ந்து வர வேண்டும். அந்த விளிம்பின்மேல் தினமும் முழு எடையை வைத்து நடந்தால் அது எப்படி நகரும்?

இந்தச் செல்களை வெளியே வளர்க்க முடியும் என்பதும் உண்மை. 1975லேயே அமெரிக்காவில் ரெய்ன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் மனிதத் தோல் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். பின்னர் கடுமையான தீக்காயத்துக்கு அப்படி வளர்த்த தோல் பயன்பட்டது. 2015இல், தொட்டாலே தோல் உரியும் பிறவி நோய் கொண்ட ஏழு வயது சிரியச் சிறுவனுக்கு ஜெர்மனியில் உடம்பின் 80 சதவீதத் தோலை மாற்றினார்கள். இத்தாலியின் மொடெனாவில் அவனுடைய செல்களில் மரபணுவைத் திருத்தி வளர்த்த தோல் அது. அந்தச் செய்தியைப் படித்த நாள் எனக்கு மறக்காது. இந்தத் துறைமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருக்கிறது.

விளம்பரத்தில் வரும் ஊசி வேறு. கொழுப்பிலிருந்தோ மஜ்ஜையிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ எடுக்கும் மீசன்கைமல் செல்கள் என்பார்கள். அவை பெரும்பாலும் தோலாக மாறுவதில்லை. புதிய ரத்தக்குழாய் முளைக்கவும் அழற்சி தணியவும் சில புரதங்களைச் சுரந்து உதவுகின்றன. சர்க்கரைப் புண்ணில் ஆய்வுகள் நடந்துகொண்டிருக்கின்றன, நம்பிக்கை தரும் முடிவுகளும் உண்டு, ஆனால் வழக்கமான சிகிச்சையாக இன்னும் ஆகவில்லை. சில இடங்களில் நோயாளியின் ரத்தத்தைச் சுழற்றி எடுக்கும் பி.ஆர்.பி.யையே ஸ்டெம் செல் என்று சொல்லி விற்கிறார்கள். அதில் இருப்பது ரத்தத் தட்டணுக்கள்.

நம் நாட்டில், அனுமதி பெற்ற மருந்து அல்லாத ஸ்டெம் செல் சிகிச்சையை, மஜ்ஜை மாற்று தவிர, பதிவு செய்த மருத்துவ ஆய்வில் மட்டுமே கொடுக்கலாம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல். பீடி, சிகரெட்டால் கால் ரத்தக்குழாய் அடைபடும் பர்ஜர் நோய்க்கு, பெங்களூரு நிறுவனம் ஒன்றின் ஸ்டெம் செல் மருந்துக்கு 2016இல் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. அந்த அனுமதி சர்க்கரைப் புண்ணுக்கானது அல்ல. ஆய்வு என்று யாராவது அழைத்தால் மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் கேளுங்கள். சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும். ஆய்வில் சேர்பவரிடம் சிகிச்சைக்குக் காசு வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த அம்மாவின் கணுக்கால் நாடி நன்றாகத் துடித்தது. புண்ணுக்குள் கம்பி விட்டுப் பார்த்ததில் எலும்பு தட்டவில்லை. சீழ் இல்லை. புண்ணைச் சுற்றித் தோல் ஆணி போலத் தடித்திருந்தது, அதைச் சீவி எடுத்து, நடக்கும்போது எடை புண்மேல் அழுந்தாதபடி பாதத்தோடு ஒட்டிய மாவுக்கட்டு போட்டோம். வாரம் ஒருமுறை பிரித்துப் புதிதாகப் போட்டோம். (ரத்த ஓட்டம் குறைந்த காலுக்கும் சீழ் பிடித்த காலுக்கும் இந்தக் கட்டு ஆபத்து. வீட்டில் யாரும் முயல வேண்டாம்.) இன்சுலினைச் சரிசெய்தோம். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாத காயங்களால்தான் அழிகின்றன என்று சி.எம்.சி.யின் அறுவை சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட் கண்டது இதே வேலூரில்தான். வலி தெரியாத காலைப் பாரத்திலிருந்து காக்க வேண்டும் என்று இங்கேயும் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் தொழுநோயாளிகளின் பாதங்களில் கற்ற பாடம்தான் இன்று சர்க்கரைக் காலுக்கும் உதவுகிறது.

பதினோராவது வாரம் கட்டைப் பிரித்தபோது நடுவில் இருந்த கடைசிப் பொட்டும் மூடியிருந்தது. நகை வீட்டிலேயே இருந்தது. பாதத்தில் அழுத்தம் குறைக்கும் மெத்தென்ற ரப்பர் செருப்பு (எம்.சி.ஆர்.) எழுதிக் கொடுத்தேன். ஆறிய கால் புண், நூற்றில் நாற்பது பேருக்கு ஒரு வருடத்துக்குள் மறுபடி திறந்துகொள்கிறது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னேன். இரவில் அம்மாவின் பாதத்தை டார்ச் அடித்துப் பார்க்கும் வேலையை மகன் எடுத்துக்கொண்டார்.